செவத்தி உரிக்காத ஏலக்காய்

இன்பமேரி எந்த சோப்பைப் போட்டுத் தேய்த்தாலும் கையிலிருந்து ஏலக்காய் வாசம் போகாது. பூப்பாறைக்கும் போடிமெட்டுக்கும் நடுவில் ஒரு ஏலத்தோட்டம். அதன் ஸ்டோரில் உலர்ந்த காயைத் தரம் பிரிக்கிற வேலை அவளுக்கு. பிளஸ் டூ முடித்த கையோடு போய் உட்கார்ந்தவள்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவள் எந்த பெஞ்சில் இருக்கிறாள் என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடலாம். "பாயாசத்துக்கு ஏலக்கா எதுக்கு? எங்க மேரி கைய விட்டு ஒரு கலக்கு கலக்குனாப் போதும்" என்பான் அவள் புருஷன் சுவக்கீன். தோட்டத்துக்கு ஆள் ஏற்றி வரும் ஜீப் ஓட்டுகிறவன். வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம். மகன் உத்தமபாளையத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான்.

பார்த்தால் தோட்டத் தொழிலாளர் லயத்து வீடுகளில் இருக்கிற எல்லாப் பெண்களையும் போலத்தான் இருப்பாள். ஆனால் அவள் ஒரு உலகத்தை உண்டாக்கினாள், அது கடைசியில் சினிமாவாகவும் ஆனது என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆக வேண்டும். வேறு வழியில்லை.

கொரோனாவுக்காக தமிழ்நாடு-கேரள எல்லை செக்போஸ்ட்டை மூடிய வருஷம் அது. இந்தப் பக்க ஆள் அந்தப் பக்கம் போக முடியாது, அந்தப் பக்க ஜீப் இந்தப் பக்கம் வர முடியாது. கொச்சியில் சினிமா படித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஜோமோன் மூட்டை முடிச்சோடு லயத்துக்கு வந்து சேர்ந்தான். வந்தவன் சும்மா இருந்தானா? போனில் ஒரு ஆட்டத்தைக் கொண்டுவந்தான். பலகை கிடையாது, சீட்டு கிடையாது. ஒருவர் கதை சொல்ல வேண்டும். சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, "நான் இதைச் செய்கிறேன்" என்று சொல்ல வேண்டும். செய்தது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். இங்கிலீஷில் எழுதியிருந்த அதில் கோட்டை, டிராகன், மந்திரவாதி என்று என்னென்னவோ இருந்தன.

"டிராகனுக்கு எங்கடா போறது? வேணும்னா காட்டுமாடு இருக்கு" என்றான் சுவக்கீன்.

"அண்ணே, டிராகன் கூட சொல்லிக்கலாம். பகடைதான் இல்ல. இருபது முகம் இருக்கும். இப்ப எந்தக் கூரியர் மலை ஏறும்?"

அப்போதுதான் இன்பமேரி எழுந்து உள்ளே போய் ஒரு கை ஏலக்காய் அள்ளி வந்தாள். "ஒத்தையா ரெட்டையா" என்றாள். காயை உரித்து உள்ளே இருக்கிற ஏலரிசியை எண்ண வேண்டியது. ஒற்றைப்படை வந்தால் நினைத்தது பலிக்கும், இரட்டைப்படை வந்தால் பலிக்காது. பகடையாவது முகத்தைக் காட்டிவிட்டு, மறுபடி உருட்டக் கிடக்கும். ஏலக்காயை ஒருதரம் உரித்தால் உரித்ததுதான். ஜோமோன் துள்ளிக் குதித்தான். அன்றைக்கே அவளைக் கதை சொல்கிறவள் ஆக்கினார்கள். அவளுக்கு ஆட்டத்தில் பேர் கங்காணி.

ஆட நான்காவது ஆள் ஜிஜி. சுவர் ஒட்டிய அடுத்த வீடு. இன்பமேரியும் அவளும் ஒரே வருஷம் பிறந்தவர்கள், சர்ச்சில் ஒரே நாள் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கியவர்கள். ஜிஜி நர்சிங் படித்துவிட்டு அடிமாலியில் ஒரு ஆஸ்பத்திரியில் இருந்தவள். வேலையை விட்டு வீட்டுக்கு வந்து வெளிநாட்டுக்கு முயற்சி பண்ணிக்கொண்டிருந்தாள். ஜிஜி சிரித்தால் மூன்று வீடு தள்ளித் தூங்குகிற குழந்தை விழித்துக்கொள்ளும். அப்படி ஒரு சிரிப்பு.

இனி கதையைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மேலே போக முடியாது. தோட்டத்தில் காலையில் வேலைக்கு முன்னால் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவதைப் பெரட்டு என்பார்கள். வராதவள் பேரைக் கூப்பிட்டால் பக்கத்து வீட்டுக்காரி "வருவா" என்று குரல் கொடுப்பாள். அப்படிக் குரல் கொடுக்க ஒருத்தி இருக்கும் வரை கங்காணி ஏட்டில் பேரை அடிக்க மாட்டார். இன்பமேரி இதை எடுத்து ஒரு திருகு திருகினாள். யாருமே "வருவா" என்று சொல்லாத பேர்களை மஞ்சு எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. பனிமூட்டத்துக்கு இங்கே மஞ்சு என்றுதான் பேச்சு. மலை உச்சியில் பாழடைந்த துரை பங்களா ஒன்று இருக்கிறது. மஞ்சுக்குள் போனவர்கள் எல்லாம் அதற்குள். மூன்று பேர் அவர்களைத் தேடி ஏறுகிறார்கள். சுவக்கீன் காட்டுமாட்டோடு பேசத் தெரிந்த வேட்டைக்காரன், ஜோமோன் பொய் சொல்லியே பிழைக்கிற வியாபாரி, ஜிஜி செவத்தி. செவத்திக்கு ஒரு வித்தையும் தெரியாது. பயமில்லாதவள், அவ்வளவுதான்.

மழைக்காலம் முழுக்க ஆடினார்கள். வெளியே கூரைத் தகரத்தில் மழை தடதடக்கும், உள்ளே இன்பமேரி குரலைத் தாழ்த்திப் பங்களாப் படிக்கட்டைப் பற்றிச் சொல்வாள், சுவக்கீன் உட்கார்ந்த இடத்தில் காலைத் தூக்கி வைத்துக்கொள்வான். ஆட்டம் தொடங்கும்போது தோட்டத்தைப் போலவே பெரட்டு. யாராவது வரவில்லையென்றால் மற்றவர்கள் "வருவா" என்று சொல்ல வேண்டும். அவர்கள் பாத்திரம் நின்ற இடத்திலேயே நிற்கும். அடுத்தவர் காயை யாரும் உரிக்கக் கூடாது. இது இன்பமேரி போட்ட சட்டம். பைபிளுக்கு அடுத்தபடி அவள் நம்பினது இதைத்தான்.

கடைசியில் செவத்தி பங்களாக் கதவுக்கு முன்னால் வந்து நின்றாள். ஒற்றை வந்தால் கதவு திறக்கும், மஞ்சுக்குள் போன அத்தனை பேரும் திரும்பி வருவார்கள். இரட்டை வந்தால் செவத்தியும் உள்ளே போய்விடுவாள். ஜிஜி காயைக் கையில் எடுத்து நகத்தை வைத்தாள். அப்போது போன் அடித்தது. ஏஜென்சிக்காரன். விசா வந்துவிட்டது, டிக்கெட் போட்டாகிவிட்டது, உடனே கொச்சிக்கு வா என்றான். முதலில் ஜிஜிக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. காயைப் பர்ஸில் போட்டுக்கொண்டாள்.

"யாரும் மேல ஆடாதீங்க. வந்து உரிக்கிறேன்."

அப்படிப் போனவள் இங்கிலாந்தில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிற இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். முதலில் தினம் பேசினாள். "காய் பத்திரமா இருக்கா புள்ள?" என்று இன்பமேரி கேட்பாள், "இருக்குடி" என்பாள் அவள். பிறகு வாரத்துக்கு ஒருதரம் ஆனது. அதற்குப் பிறகு "டியூட்டி" என்று ஒரு வார்த்தை மெசேஜ், கைகூப்பின பொம்மை, கிறிஸ்துமஸுக்கு ஒரு நட்சத்திரம். போனை எடுப்பதே இல்லை. ஜோமோனும் கொச்சிக்குத் திரும்பினான். இன்பமேரி விட்டாளா? பூசை முடிந்து வந்ததும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பெரட்டு கூப்பிடுவாள். வியாபாரி பேருக்கு சுவக்கீன் "வருவான்" என்பான். செவத்தி பேருக்கு இவளே கூப்பிட்டு இவளே "வருவா" என்று சொல்லிக்கொள்வாள். அப்புறம் டீ குடிப்பார்கள். ஆட்டம் கிடையாது.

"கிறுக்கச்சிடி நீ. அந்தப் புள்ள அங்க வீடு வாங்கி, கார் வாங்கி சொகமா இருக்கு. இங்க நீ பேர் கூப்புட்டுக்கிட்டு இருக்க" என்றான் சுவக்கீன் ஒருநாள்.

"நா கூப்புடாம விட்டா மஞ்சு எடுத்துட்டுப் போயிரும்ங்க" என்றாள் அவள். வேடிக்கையாகத்தான் சொல்ல நினைத்தாள். குரல் உடைந்துவிட்டது. சுவக்கீன் அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. பெரட்டு நேரத்தில் அவனும் சேர்ந்து "வருவா" என்று சொல்ல ஆரம்பித்தான்.

போன மழைக்கு ஜோமோன் வந்தான். தாடி வைத்திருந்தான், வீட்டுக்குள் வந்தும் கூலிங் கிளாஸைக் கழற்றவில்லை. அவனுக்கு முதல் படம் கிடைத்துவிட்டது. நம் ஆட்டத்தைத்தான் எடுக்கப்போகிறேன் என்றான். "கதை: இன்பமேரின்னு பெருசாப் போடுவேன்க்கா" என்றான். இன்பமேரிக்குக் கைகால் ஓடவில்லை. அவனுக்கு இரண்டு ஆம்லெட் போட்டுக் கொடுத்துவிட்டு, உள்ளே போய் முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

நாள் கணக்கில் உட்கார்ந்து எல்லாம் பேசினார்கள். காட்டுமாட்டைக் கம்ப்யூட்டரில் வரையலாமா, வியாபாரி ஒரு பாட்டுப் பாடினால் ஆகுமா, எல்லாவற்றுக்கும் சரி என்றாள். ஆட்டத்தில் மூன்று வாரம் ஏறின படிக்கட்டைப் படத்தில் மூன்று நிமிஷத்தில் ஏறட்டும் என்றாள். கடைசியில் ஜோமோன், "கதவு திறக்குது, எல்லாரும் வெளிய வர்றாங்க, லைட் அப்படியே..." என்று கையை விரித்தான்.

"யார்ரா காய உரிச்சது?"

"அக்கா, படம்க்கா இது. முடிவுன்னு ஒண்ணு வேணும்ல?"

"ஜிஜி உரிக்கல. உரிச்சு ரெட்டை வந்திருந்தா? அவ உள்ள போயிருப்பா. நீ பாட்டுக்குத் தெறந்து விடுற?"

"அப்ப அவ உள்ள போற மாதிரியே எடுத்துருவமா? தயாரிப்பாளருக்கும் சோகம் புடிக்கும்."

இன்பமேரி தட்டைப் பிடுங்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். தட்டில் பாதி ஆம்லெட் கிடந்தது. ஜோமோன் சுவக்கீனைப் பார்த்தான். சுவக்கீன் கூரையைப் பார்த்தான். ஜிஜி பதில் சொல்லாமல் அந்தக் காட்சியை எடுக்க மாட்டேன் என்று ஜோமோன் மாதாமேல் சத்தியம் பண்ணின பிறகுதான் அவனுக்கு டீ கிடைத்தது. அவனும் ஜிஜிக்கு மெசேஜ் அனுப்பினான். "உங்க இஷ்டம்போல எடுத்துக்கோங்க" என்று வந்தது பதில்.

அதைப் படித்த அன்று இன்பமேரி வேலையில் நல்ல காயையும் உள்ளே அரிசியில்லாத பொட்டைக் காயையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, சூப்பர்வைசரிடம் ஏச்சு வாங்கினாள். இஷ்டம்போலவாமே! கதவுக்கு முன்னால் ஒருத்தியை நிறுத்திவிட்டு வந்தது ஞாபகமே இல்லையா? தன் பேரை இங்கே ஒருத்தி கூப்பிட்டுக்கொண்டிருப்பாள் என்று ஒருநாளாவது தோன்றாதா? அப்படி மறந்துவிட முடியுமென்றால் தனக்கு மட்டும் ஏன் அந்த வித்தை வரவில்லை என்று ஏங்கி ஏங்கி அழுதாள்.

படப்பிடிப்பு போடிமெட்டுக்குப் பக்கத்தில், ஆள் இல்லாத ஒரு பழைய பங்களாவில். மற்றதெல்லாம் எடுத்தாகிவிட்டது, கதவுக் காட்சி மட்டும் பாக்கி. அன்று காலை மலையே தெரியாமல் மஞ்சு இறங்கியது. ஜோமோன் சுவக்கீனை ஜீப்போடு அனுப்பி இன்பமேரியை வரவழைத்தான். செவத்தியாக நடிக்கிற பெண் கதவுக்கு முன்னால் தயாராக நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, இந்த மஞ்சு மத்தியானம் வரைக்கும் நின்னாப் பெருசு. நாளைக்கு பங்களாவத் திருப்பிக் கேக்குறாங்க. நா சத்தியம் பண்ணிருக்கேன், இல்லேங்கல. நீயே சொல்லு, தெறக்கட்டுமா வேணாமா?"

"ஒரு அஞ்சு நிமிசம் பொறு" என்று போனை எடுத்துக்கொண்டு நடந்தாள். பங்களாவுக்குக் கீழே ரோட்டு வளைவில் ஒரு ஓரத்தில் நின்றால்தான் டவர் கிடைக்கும். வீடியோ கால் போட்டாள், மணி அடித்து நின்றது. இன்னொரு தரம் போட்டாள், எடுக்கவில்லை. கடைசியில் குரலைப் பதிந்து அனுப்பினாள். "அடியே, நா மேரி. கதவுக்கு முன்னால நிக்கேன். நெசக் கதவுடி. செவத்தியும் நிக்கா. நீ வேணாம்னா வேணாம்னு சொல்லிரு, நா பேர அடிச்சுர்றேன்."

போன் உடனே அடித்தது.

ஜிஜிக்கு அங்கே விடியற்காலை. டியூட்டி முடிந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தாள், குல்லாவும் கோட்டுமாக. முகம் வற்றிப்போயிருந்தது.

"பேர அடிக்காதடி" என்றாள்.

தக்காளி ஏற்றின லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே வளைவில் ஏறிப்போனது.

"அப்ப காய உரி" என்றாள் இன்பமேரி. "இப்ப உரி. நா பாக்குறேன். ஒத்தையோ ரெட்டையோ, வந்தபடி எடுக்கச் சொல்றேன்."

"காய் இல்ல மேரி."

"தொலைச்சுட்டியா?"

"குடிச்சுட்டேன்."

இன்பமேரிக்குப் புரியவில்லை. ஜிஜி குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள். "வந்த மொத வருசம். நா பாத்துக்கிட்ட ஒரு பாட்டி செத்துப்போச்சு. எங்கையப் புடிச்சுக்கிட்டே போச்சு. ரூமுக்கு வந்தேன். யாருமில்ல. பேசக்கூட ஆளில்ல. டீ போட்டேன், சுடுதண்ணி மாதிரி இருந்துச்சு. இங்க கடையிலயும் ஏலக்கா இருக்கு, வெளுத்துப்போயி, வாசமே இருக்காது. பர்ஸத் தெறந்தேன். நசுக்கிப் போட்டுட்டேன்."

"எண்ணலையா?"

"எண்ணல. நசுக்குன ஒடனே வாசம் வந்துருச்சு. உன் கை வாசம்டி. அதுக்கப்புறம் எங்குட்டு எண்ண? அழுதுகிட்டே குடிச்சுட்டேன்."

"அடிப்பாவி! இதுக்காகவா எங்கூடப் பேசல?"

"நீ போன எடுத்தாலே காய் பத்திரமான்னுதான் கேப்ப. பத்திரம்னு எத்தன தரம் பொய் சொல்ல? மஞ்சுக்குள்ள போனவங்க அத்தன பேரும் அந்த ஒத்தக் காய்லதான் இருக்காங்கன்னு நீதான சொன்ன? அவங்கள டீல போட்டுக் குடிச்சுட்டேன்னு எந்த வாயால சொல்ல? வர்றதுக்கும் வழியில்ல. வந்தா நீ காயத்தான் மொதல்ல கேப்ப."

இன்பமேரிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ரோட்டோரத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். இந்தப் பக்கம் இவள் ஒரு காய்க்குக் காவல் இருந்திருக்கிறாள், அந்தப் பக்கம் அவள் அதே காய்க்குப் பயந்து ஒளிந்திருக்கிறாள். ஏலத்தோட்டத்தில் பிறந்தவளைத் தவிர வேறு எவளாவது இப்படி ஆட்டத்தின் முடிவைக் கொதிக்கவைத்துக் குடிப்பாளா? இவள் ஒரே ஒரு தரம், "காய் கிடக்கட்டும், நீ எப்படி இருக்க?" என்று கேட்டிருந்தால் போதும். அது அவள் நெஞ்சில் சுருக்கென்று குத்தியது.

"நல்லா இருந்துச்சா?" என்றாள்.

"எது?"

"டீ."

ஜிஜி சிரித்தாள். அந்தப் பழைய சிரிப்பு. அங்கே பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்த யாரோ திரும்பிப் பார்த்தது போனில் தெரிந்தது. "அந்த மாதிரி ஒரு டீ நா குடிச்சதே இல்ல."

"போன வைக்காத" என்று சொல்லிவிட்டு இன்பமேரி பங்களாவை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனாள். ஜோமோன் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கதவத் தெறக்க வேணாம். செவத்தி கதவுக்கு முன்னால அடுப்பு மூட்டுறா. டீ போடுறா. காய எடுத்து நசுக்கி அதுல போடுறா. எண்ண மாட்டா."

"அப்ப கதவு?"

"வாசம் உள்ள போவும்ல? வர்றவங்க வரட்டும். அவ அங்கதான் இருப்பா."

ஜோமோன் போனில் தெரிந்த ஜிஜியைப் பார்த்தான், இவளைப் பார்த்தான். "செவத்தி இதத்தான் செஞ்சாளா?"

"இதத்தான் செஞ்சா" என்றாள் ஜிஜி.

அவன் கூலிங் கிளாஸைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு கல் அடுக்கி அடுப்பு மூட்டச் சொன்னான். தயாரிப்பாளருக்கு என்ன பதில் சொன்னான் என்பது அவன் பாடு. சுவக்கீன் தன் ஜீப்பிலிருந்து சருவச்சட்டியும் டீத்தூளும் கொண்டுவந்தான். காய் இன்பமேரி பையில் இருந்தது. அவள் பையில் எப்போது இல்லாமல் இருந்தது? செவத்தியாக நடித்த பெண் காயை நசுக்கிப் போட்டாள். மஞ்சுக்குள் ஆவி கலந்து கதவுப் பக்கம் போனது. யாரும் வசனம் பேசவில்லை.

அந்தக் காட்சிக்குப் பின்னால் ஒரு பெரட்டுக் குரல் வேண்டும் என்று ஜோமோனுக்குத் தோன்றியது. கங்காணியாக நடித்தவர் ஊருக்குப் போய்விட்டார். "நீயே கூப்புடுக்கா. நீதான கங்காணி" என்றான். செவத்தி பேர் வரும்போது, ஓரத்தில் நிற்கிற ஒரு துணை நடிகை "வருவா" என்று சொல்ல வேண்டும். சவுண்டுக்காரர் மைக்கை நீட்டினார்.

இன்பமேரி போனைக் கையில் பிடித்தபடியே நின்றாள். அங்கே ஜிஜி பஸ் ஏறியிருந்தாள், ஜன்னல் ஓர சீட்டு. வேட்டைக்காரன் பேரைக் கூப்பிட்டாள். வியாபாரி பேரைக் கூப்பிட்டாள். இத்தனை ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிட்ட அதே குரலில், "செவத்தி!" என்றாள்.

ஓரத்துப் பெண் வாயைத் திறப்பதற்குள், பஸ் இரைச்சலுக்கு நடுவே போனுக்குள்ளிருந்து ஜிஜியே குரல் கொடுத்தாள்.

"வருவா."

ஜோமோன் கட் சொல்லவே இல்லை.